செட்டிநாட்டு வீட்டில் மாதிரி ரயில்: தண்டவாளம் கறுப்பது ஏன், காப்பது எப்படி?

வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வியின் சுருக்கம் இது. பள்ளத்தூரில் பூர்வீக வீடு. குடும்பம் சென்னையில் இருக்கிறது. பொங்கல், கோடை விடுமுறை, படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாடு) என்று ஆண்டுக்குச் சில முறை ஊருக்கு வருகிறார்கள். வளவை ஒட்டிய பத்தியில் (தாழ்வாரத்தில்) எட்டடிக்கு நான்கடி மேசை போட்டு, எச்ஓ அளவில் (உண்மை அளவில் 87இல் ஒரு பங்கு) வட்டப் பாதை ஒன்று அமைத்திருக்கிறார்கள். வரும்போதெல்லாம் தண்டவாளம் கறுத்திருக்கிறது, இன்ஜின் தத்தித் தத்தி நின்றுவிடுகிறது. செட்டிநாடு ஸ்டேஷனிலிருந்து காரைக்குடி வரையிலான பாதையை நினைவூட்டும் பெரிய தளமாக இதை விரிவாக்க வேண்டும் என்பது ஆசை. அதற்கு முன், தண்டவாளத்தைத் துடைக்க எந்தத் திரவத்தை வாங்குவது என்று கேட்கிறார்.

திரவத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்கிறேன். ஆனால் தண்டவாளம் சுத்தமாக இருக்குமா இருக்காதா என்பதை மேசை எந்த இடத்தில் நிற்கிறது, சக்கரம் எதனால் ஆனது, மின்சாரம் எத்தனை இடத்தில் தண்டவாளத்தைத் தொடுகிறது என்ற மூன்றும் முன்பே தீர்மானித்துவிடுகின்றன. அந்த மூன்றையும் சரிசெய்யாமல் புட்டி புட்டியாக வாங்கினாலும் அடுத்த பொங்கலுக்கு அதே கறுப்புத்தான் காத்திருக்கும். விரிவாக்கம் இன்னும் தொடங்கவில்லை என்பதால் நீங்கள் நல்ல கட்டத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் இடம். வளவு என்பது வானம் பார்த்த முற்றம். காற்றும் வெளிச்சமும் வீட்டுக்குள் வருவதற்காகவே அப்படிக் கட்டினார்கள். அதே வழியில்தான் செம்மண் புழுதியும் மழைச்சாரலும் புறாவும் வருகின்றன. பத்தியில் மேசை போட்டால் இவை அனைத்தும் தண்டவாளத்தின் மேல்தான் இறங்கும். பூட்டிக் கிடக்கும் மாதங்களில் பறவை எச்சம் விழுந்தால் அது உலோகத்தை அரிக்கும். அந்த இடத்தைத் துடைத்தபின்னும் குழி தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. படைப்பு நாட்களில் சாம்பிராணிப் புகையும், பின்கட்டில் கூட்டத்துக்குச் சமைக்கும்போது எழும் எண்ணெய்ப் புகையும் வளவு முழுவதும் சுற்றி வரும். இரண்டும் பிசினாக எதன்மேலும் படியும். தண்டவாளத்தில் படிந்த அந்தப் பிசின் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெறும் தூசியை ஒரு தூரிகையால் தட்டிவிடலாம். பிசினில் ஒட்டிய தூசியைக் கரைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே மூடிய அறை ஒன்றுக்கு மாறுங்கள். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்றைப் பங்காளிகளுடன் பேசி எடுத்துக்கொள்ள முடிந்தால் மிக நல்லது. கதவைச் சாத்தினால் தூசி பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். மாடி அறை என்றால் கூரையைப் பாருங்கள். ஓட்டுக் கூரையிலிருந்து மண்ணும், பழைய சுண்ணாம்புப் பூச்சிலிருந்து செதிலும் உதிர்ந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் தளத்துக்கு மேலே மெல்லிய பிளைவுட்டாலோ கெட்டியான பிளாஸ்டிக் தாளாலோ ஒரு விதானம் கட்டுங்கள். விளக்குகளையும் அதற்குள்ளேயே பொருத்தலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை உங்களுக்குப் பெரிய வசதி. சாதாரணச் சிமெண்டுத் தரை போல அது உதிராது. ரயில் ஓட்டும் நாளில் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பெருக்கினால் எழும் தூசி ஒரு மணி நேரம் காற்றில் மிதந்துவிட்டுத் தளத்தில்தான் வந்து அமரும்.

மேசையின் உயரமும் அகலமும் சுத்தத்தோடு நேராகத் தொடர்புடையவை. நூறு முதல் நூற்றுப் பத்து சென்டிமீட்டர் உயரம் வையுங்கள். தரைத் தூசியிலிருந்து விலகியிருக்கும், குனியாமல் துடைக்கலாம், ரயிலைக் கண்மட்டத்துக்கு அருகே பார்க்கும் இன்பமும் கிடைக்கும். அகலம் அறுபது சென்டிமீட்டரைத் தாண்டினால் பின்னால் இருக்கும் பாதைக்குக் கை எட்டாது. கை எட்டாத தண்டவாளத்தை யாரும் துடைப்பதில்லை. நல்ல மனதோடு முயன்றாலும் முன்னால் இருக்கும் சிக்னல் கம்பத்தையும் மரத்தையும் முழங்கையால் சாய்த்துவிட்டுத்தான் திரும்புவீர்கள். அதே காரணத்துக்காக மலைக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ பாதையை மறைத்தால் மேலிருந்து கழற்றக்கூடிய மூடி வையுங்கள்.

உங்கள் நான்கடி மேசையை நான் கைவிடச் சொல்வதற்கு வளைவும் ஒரு காரணம். நம் ஐசிஎஃப் (சென்னை ரயில்பெட்டித் தொழிற்சாலை) வகைப் பயணிகள் பெட்டியின் நீளம் ஏறத்தாழ 21.3 மீட்டர். எச்ஓ அளவு 87இல் ஒரு பங்கு என்பதால், மாதிரிப் பெட்டி சுமார் 245 மில்லிமீட்டர் வரும். வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப்போல மூன்று மடங்காவது இருப்பது நல்லது. அதாவது 735 மில்லிமீட்டர். நான்கடி அகலத்தில் 550க்கு மேல் ஆரம் கிடைக்காது. இறுக்கமான வளைவில் நீண்ட பெட்டியின் சக்கரம் தண்டவாளத்தின் உட்புறத்தை உரசும், உரசலில் துகள் உதிரும், அந்தத் துகளும் அழுக்கோடு சேரும். அறையின் சுவரை ஒட்டி, நாற்பத்தைந்து முதல் அறுபது சென்டிமீட்டர் அகலத்தில் பலகை அடித்துச் சுற்றிவரச் செய்யுங்கள். மூலைகளில் மட்டும் பலகையைச் சாய்வாக அகலப்படுத்தினால் 760 மில்லிமீட்டர் ஆரம் சிரமமில்லாமல் வரும். நீங்கள் நடுவில் நின்றுகொள்ளலாம். எல்லா இடமும் கைக்கெட்டும்.

கதவு குறுக்கே வருமே என்று கேட்பீர்கள். அந்த இடத்தில் தூக்கி எடுக்கக்கூடிய பாலம் ஒன்று வையுங்கள். காரைக்குடி வழியாகப் போகும் ரயில்களில் சில ராமேஸ்வரம் வரை செல்பவை; ஆகவே 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின், கப்பலுக்காக இரண்டாகப் பிளந்து மேலெழும் நடுப்பகுதியைக் கதவுக்கு நேரே அமைக்கலாம். வாசலைக் கடக்க வேண்டிய கட்டாயமே உங்கள் தளத்தின் சிறந்த காட்சியாகிவிடும். புவியியல்படி தூரம் பொருந்தாதே என்று கவலைப்பட வேண்டாம். உண்மையான பத்துக் கிலோமீட்டர் பாதைகூட எச்ஓ அளவில் 115 மீட்டர் ஆகும். சுருக்காமல் யாராலும் கட்ட முடியாது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற தேர்வில்தான் தளம் கட்டுபவரின் கை தெரிகிறது. எனக்கு விட்டால் செட்டிநாடு ஸ்டேஷன், கோட்டையூர், காரைக்குடி ஜங்ஷனின் ஒரு முனை, நடுவில் ஓர் ஊருணி, பின்னணியில் திருமயம் கோட்டைப் பாறை. இவ்வளவு போதும். இந்தப் பகுதி பெரும்பாலும் சமதளம் என்பதால் ஏற்றம் இறக்கம் எதுவும் தேவையில்லை. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது தண்டவாளத்தில் கிராபைட் தடவுவதைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

மீட்டர் கேஜ் காலத்துக் காரைக்குடியைக் கட்ட நினைத்தால் எச்ஓ அளவில் 12 மில்லிமீட்டர் பாதை வேண்டும். இன்றைய அகலப் பாதை 1676 மில்லிமீட்டர், கணக்குப்படி 19.3 வர வேண்டும், கடையில் கிடைப்பதோ 16.5. இந்திய மாதிரி ரயில்காரர்கள் பெரும்பாலும் அந்த 16.5ஐயே ஏற்றுக்கொண்டு ஓட்டுகிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். சக்கரமும் பாயிண்டும் (பாதை பிரியும் இடத்தில் வைக்கும் தண்டவாளம்) எளிதில் கிடைக்கும்.

பலகைக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் கறையானும் ஈரமும் மலிவுப் பலகையை விட்டுவைக்காது. கால்களைச் சுவரோடு ஒட்டாமல் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பழைய தேக்குச் சட்டங்கள் கண்ணில் பட்டால் கால்களுக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் வாங்கிவிடலாம். பல்லாண்டு காய்ந்த மரம் இனி முறுக்கிக்கொள்ளாது.

இனி தண்டவாளம். இப்போது நீங்கள் வைத்திருப்பது பித்தளைத் தண்டவாளமாக இருந்தால் விரிவாக்கத்தில் அதைச் சேர்க்காதீர்கள். பித்தளையின் மேல் உருவாகும் ஆக்சைடு மின்சாரத்தை நன்றாகத் தடுக்கும். சில வாரம் ஓட்டாமல் விட்டாலே போதும். நிக்கல் சில்வர் எனப்படும், செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலப்பு உலோகத் தண்டவாளம் அந்த அளவுக்குத் தொல்லை தராது. அதுவும் கறுக்கும், ஆனால் மெதுவாகக் கறுக்கும், சீக்கிரம் சுத்தமாகும். உலோக அரிமானம் உட்பட மின்வேதியியலை ஆராயும் சிக்ரி ஆய்வகம் 1953இலிருந்து இயங்கிவரும் காரைக்குடிப் பக்கத்துக்காரருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

கறுப்பு எங்கிருந்து வருகிறது? தூசி ஒரு பங்குதான். சக்கரம் உருளும்போது தண்டவாளத்தோடு அதன் தொடர்பு நொடிக்கு நொடி விட்டுவிட்டுச் சேர்கிறது. ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பொறி பறக்கிறது. பொறி பறந்த இடத்தில் உலோகம் ஆக்சைடாகிறது, அங்கிருந்த எண்ணெய்ப் பசை கருகுகிறது. அதோடு இன்ஜினின் பல்சக்கரத்திலிருந்து கசியும் எண்ணெய், சில இன்ஜின்களில் பிடிமானத்துக்காக மாட்டியிருக்கும் ரப்பர் வளையத்தின் தேய்மானம், பெட்டிகளின் பிளாஸ்டிக் சக்கரம் இழுத்துவரும் அழுக்கு எல்லாம் சேர்ந்து பசையாகின்றன. பசை கூடினால் பொறி கூடும், பொறி கூடினால் பசை கூடும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, எல்லாப் பெட்டிகளுக்கும் உலோகச் சக்கரம் மாட்டுங்கள். பிளாஸ்டிக் சக்கரம் அழுக்கை உருட்டித் தண்டவாளம் முழுக்கப் பூசிக்கொண்டே போகும். தண்டவாளத்தை எவ்வளவு துடைத்தாலும் முதல் சுற்றிலேயே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். செலவைப் பிரித்துச் செய்யலாம், பத்துப் பெட்டி என்றால் மாதம் இரண்டு. ஆனால் செய்யாமல் விடாதீர்கள். இரண்டு, இன்ஜினுக்கு எண்ணெய் விடும்போது ஊசி முனையில் ஒரு துளிக்கு மேல் வேண்டாம். மிகுதியானது தண்டவாளத்துக்குத்தான் வரும்.

மின்சாரத்தைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அழுக்கு என்று நினைக்கப்படும் கோளாறுகளில் பல உண்மையில் வயர் கோளாறுகள். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் பிஷ்பிளேட்டை மின்சாரம் கடத்தும் பாலமாக நம்பாதீர்கள். புதிதாக இருக்கும்போது அது கடத்தும். சில கோடைகளில் தளர்ந்துவிடும். தளத்துக்கு அடியில் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புவயர் இரண்டைச் சுற்றிலும் ஓடவிடுங்கள். 91 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் ஒரு சிறு வயர் கீழே இறங்கி அந்த முதன்மை வயரோடு சேரட்டும். ஈயப்பற்று வைக்கும்போது ரோசின் பிளக்ஸ் மட்டும் பயன்படுத்துங்கள். அமிலப் பிளக்ஸ் நாளடைவில் இணைப்பையே தின்றுவிடும். டிசிசி முறையில் (ஒவ்வொரு இன்ஜினுக்கும் தண்டவாளம் வழியாகவே தனித்தனி டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) ஓட்டுவதானால், வேலை முடிந்ததும் ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளத்தின் குறுக்கே வைத்துப் பாருங்கள். தளத்தின் எந்த மூலையில் வைத்தாலும் கட்டுப்பாட்டுக் கருவி உடனே தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் நிறுத்தவில்லை என்றால் அங்கே வயர் போதவில்லை.

இன்ஜின் நிற்கும்போது அழுக்கா, வயரா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் அங்கே இணைப்போ பாயிண்டோ கெட்டிருக்கிறது. தளம் முழுவதும் ஆங்காங்கே தத்தினால் தண்டவாளம் அழுக்கு. ஒரு இன்ஜின் மட்டும் தத்தி மற்றது ஒழுங்காக ஓடினால் அந்த இன்ஜினின் சக்கரம் அழுக்கு. இதைப் பார்க்காமல் துடைக்கத் தொடங்கினால் பாதி நாள் வீணாகிவிடும். பாயிண்டில் மட்டும் நிற்கும் சிறு இன்ஜின்களுக்கு, இரண்டு பாதைகளின் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் கிராசிங் பகுதிக்கும் மின்சாரம் தரும் வகைப் பாயிண்டை வாங்குவதே நிரந்தரத் தீர்வு.

வெப்பத்துக்கும் இடம் விடுங்கள். ஐந்து மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி வேறுபாட்டில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். சித்திரை வெயிலில் ஓட்டு மாடியில் அந்த வேறுபாடு வரத்தான் செய்யும். மார்கழியில் தண்டவாளம் பதிக்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் விசிட்டிங் கார்டு தடிமனில் இடைவெளி விடுங்கள். கோடையில் பதித்தால் நெருக்கமாகவே வைக்கலாம். இடைவெளி இல்லாத பாதை வெயிலில் பக்கவாட்டில் நெளிந்துவிடும்.

ஜல்லிக்கு நம் பக்கத்துக் கல்குவாரித் தூளைச் சலித்துப் பயன்படுத்தலாம், நிறம் அருமையாக இருக்கும். செம்மண் சரளையையும் ஓரங்களில் தூவலாம். ஆனால் கொட்டுவதற்கு முன் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய வலுவான காந்தத்தை அதன் மேல் பல முறை நடத்துங்கள். சரளையில் இரும்புத் துகள் இருக்கும். ஒட்டாமல் நிற்கும் ஒரு துகளை இன்ஜின் மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொண்டால் மோட்டார் கெட்டுவிடும். ஃபெவிகாலில் சம அளவு தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளியும் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டு ஒட்டுங்கள். பசை காய்வதற்கு முன் தண்டவாளத்தின் மேல்புறத்தை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். காய்ந்த பசைப் படலம் கண்ணாடி போலிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, மின்சாரமும் போகாது. புதிதாக ஜல்லி போட்ட பாதை ஓடவில்லை என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்ட திரவம். மருந்துக்கடையிலும் மின்னணுப் பொருள் கடையிலும் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் பிசினையும் எண்ணெயையும் நன்றாகக் கரைக்கும். இழை உதிராத துணியில் நனைத்து, தண்டவாளத்தின் மேல்புறத்தையும் உள் விளிம்பையும் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள்; கறுத்த துணியால் துடைத்தால் அழுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஆல்கஹால் துடைத்த தண்டவாளம் விரைவில் மீண்டும் கறுக்கிறது என்று அனுபவசாலிகள் பலர் சொல்கிறார்கள். பொறியைத் தூண்டாத மினரல் டர்பன்டைன் போன்ற திரவத்தால் இறுதியாகத் துடைப்பது அவர்கள் வழக்கம். நானும் அப்படியே செய்கிறேன்: அழுக்கை எடுக்க ஆல்கஹால், இறுதியாக டர்பன்டைன் தொட்ட துணி, அதன்பின் உலர்ந்த துணி. ஹார்ட்வேர் கடையில் கேட்கும்போது மினரல் டர்பன்டைன் என்றே கேளுங்கள். என்சி தின்னரும் அசிட்டோனும் தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டைகளைக் கரைத்துவிடும். ஆல்கஹால், டர்பன்டைன் இரண்டும் எளிதில் தீப்பிடிப்பவை. மின்சாரத்தை அணைத்து, சன்னலைத் திறந்து, விளக்கோ சாம்பிராணியோ அருகில் இல்லாமல் வேலை செய்யுங்கள். முழுதாக உலர்ந்த பிறகே ரயில் ஓட வேண்டும்.

உப்புத்தாள் தொடாதீர்கள். அது போடும் கீறல்களில் அழுக்கு குடியேறும், அடுத்த முறை இரட்டிப்பு வேலை. இரும்புக் கம்பளி அதைவிட மோசம். உதிரும் இழை மோட்டாருக்குள் போகும் அல்லது இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடும். மாதிரி ரயிலுக்கென்று விற்கும் ரப்பர் கட்டிகளை, எச்சம் விழுந்து அரித்த இடம் போன்ற கடினமான இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்தபின் கிராபைட் குச்சியால் தண்டவாளத்தின் உள் விளிம்பில் மட்டும் மிக மெல்லிய ஒரு கோடு இழுக்கலாம். மின்தொடர்பு மேம்படும். அதிகமானால் சக்கரம் வழுக்கும். ஏற்றமான பாதையில் ரயில் ஏறாது. உங்கள் பாதை சமதளம் என்பதால் தாராளமாக முயலலாம்.

இன்ஜின் சக்கரத்துக்கு, ஆல்கஹால் தெளித்த டிஷ்யூ காகிதத்தைத் தண்டவாளத்தின் குறுக்கே போடுங்கள். இன்ஜினின் ஒரு போகி (அடியிலுள்ள சக்கரத் தொகுதி) காகிதத்தின் மேலும் மற்றது வெறும் தண்டவாளத்திலும் நிற்க, கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டினால் சக்கரம் காகிதத்தில் சுழன்று இரண்டு கறுப்புக் கோடு விடும். பிறகு திருப்பி வைத்து மறுபக்கம். ரப்பர் வளையம் உள்ள சக்கரத்துக்குத் திரவம் படாமல் உலர் துணி மட்டும் போதும்.

ஒரு துடைக்கும் வண்டியையும் கட்டிக்கொள்ளுங்கள். சாதாரணச் சரக்கு வண்டியின் அடியில், விரல் நீள ஹார்ட்போர்டுத் துண்டை அதன் சொரசொரப்பான பக்கம் கீழே இருக்குமாறு வையுங்கள்; துண்டின் மேல் ஒட்டிய இரண்டு ஆணிகள் வண்டித் தளத்தின் துளைகளில் தளர்வாக ஏறி இறங்கட்டும். ஒவ்வொரு ரயிலிலும் இந்த வண்டி ஒன்று இருந்தால் ஓட்டம்தோறும் துடைப்பு தானாக நடக்கும்.

பூட்டிவிட்டுச் சென்னைக்குக் கிளம்பும் நாளில், தண்டவாளத்தைத் துடைத்து உலர்த்துங்கள். இன்ஜின்களையும் பெட்டிகளையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். தளத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். பழைய வேட்டி, போர்வை வேண்டாம், இழை உதிரும், எலிக்கும் படுக்கையாகும். தாள் தளத்தைத் தொடாமல் நிற்க நான்கைந்து கம்பிகள் கொடுத்து, ஓரத்தில் காற்றுப் போக வழி விடுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் உள்ளே வேர்த்துவிடும். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் மாதம் ஒருமுறை அந்த அறைச் சன்னலைச் சிறிது நேரம் திறந்து வைத்தால் போதும், தளத்தை அவர் தொட வேண்டாம்.

திரும்பி வந்ததும் தாளைத் தூசி தளத்தில் விழாதபடி உட்புறமாகச் சுருட்டி எடுங்கள். மென்தூரிகையாலும், முனையில் மெல்லிய துணி கட்டிய தூசியுறிஞ்சியாலும் ஜல்லியின் மேலுள்ள தூசியை ஒருமுறை எடுத்துவிட்டு, துடைக்கும் வண்டியைக் கையாலேயே ஒரு சுற்று தள்ளுங்கள். அதன் பிறகு ஆல்கஹால் துணி ஒன்று. பாயிண்டின் நகரும் தண்டவாள முனைகளையும் அவை போய் ஒட்டும் இடத்தையும் மறக்காமல் துடையுங்கள், தூசி முதலில் அங்கேதான் சேரும். இன்ஜினைக் கடைசியாக வைத்து, முதல் சில சுற்றுகளை ஒற்றை இன்ஜினாக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எங்கேயாவது தத்தினால் அந்த இடத்தில் சாக்பீஸால் குறியிட்டுவிட்டு, சுற்று முடிந்த பிறகு குறியிட்ட இடங்களை மட்டும் மறுபடி துடைத்தால் போதும்.